பதினெட்டுப் பேர் ‘கை’ வகை

1

சென்ற சனிக்கிழமை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விருந்து. மெல்பேர்னின் கிழக்குப் புறநகரில் வாடகைக்கு எடுத்த மண்டபம், வட்ட மேசைகள், கோழிப் புரியாணி. சாப்பாட்டுக்கு நடுவே சங்கம் இதுவரை செய்த நற்பணிகளைத் திரையில் காட்டினார்கள். நாலாவது படத்தில் நான் இருந்தேன். கொழும்பிலிருந்து அரை நாள் மலையேறினால் வரும் லிந்துலைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் வகுப்பறையில், கையில் ஒரு கட்டுத் தாளோடு, வாயைத் திறந்தபடி நிற்கிறேன். கீழே கொட்டை எழுத்தில்: “மலையக மாணவர் தம் ஆளுமையை அறிந்துகொண்டனர்.”

மண்டபம் கைதட்டியது. என் மேசையில் இருந்த ஓர் அம்மா தோளைத் தட்டி, “நல்ல வேலை செய்திருக்கிறீர் பிள்ளை” என்றார். நான் புரியாணியில் இருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாணவர்கள் எதையும் அறிந்துகொள்ளவில்லை. அந்தத் தாள் கட்டு செல்லாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளே நான்தான். அப்படிக் கொடுத்ததற்காக என்னைக் கல்விக் குழுவிலிருந்து தூக்கிய அதே தலைவர்தான் மேடையில் நின்று என் படத்தைக் காட்டினார். ஏன் அதைக் காட்டினீர்கள் என்று பிறகு கேட்டேன். “படம் நல்லா வந்திருக்குத்தானே” என்றார்.

ஊரில் இருக்கும் நீங்கள் அந்தப் படத்தை முகநூலில் பார்த்து இதயம் போட்டிருப்பீர்கள். அதை எடுத்துவிடச் சொல்லி இதை எழுதவில்லை. படத்துக்குப் பின்னால் நடந்தது இன்னதென்று தெரிந்துகொண்டு வேண்டுமானால் இதயம் போடுங்கள்.

2

நான் ஸ்டெல்லா. தோட்டத்தில் பிறந்து, ஆசிரியர் கலாசாலையில் படித்து, மேலே சொன்ன அதே பாடசாலையில் நான்கு வருடம் படிப்பித்தேன். பிறகு கணவருக்குச் சமையல் வேலைக்கு விசா கிடைத்தது. வந்துவிட்டோம்.

என் சான்றிதழ்கள் இங்கே வெறும் தாள். முதல் நேர்முகத்தில், கலாசாலையிலிருந்து “பாஸ் அவுட்” ஆனவள் என்று நம் ஊர் ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன். எதிரில் இருந்த வெள்ளைக்காரி பதறிப்போய், “இப்போது உடம்புக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டாள். படிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தேன் என்று புரிந்துகொண்டிருக்கிறாள். அந்த வேலை கிடைக்கவில்லை. இப்போது ஓர் ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியருக்கு உதவியாளர். பென்சில் சீவுவது, மூக்குச் சிந்திவிடுவது, பிள்ளைகள் சட்டையில் எதையாவது குத்துவது.

குத்துவது என்று சொன்னது விளையாட்டுக்கு இல்லை. எங்கள் பாடசாலையில் ஆண்டுதோறும் ‘உன்னை நீ அறி’ வாரம் நடக்கும். ஆறு வயதுப் பிள்ளையிடம் பன்னிரண்டு கேள்வி கேட்பார்கள். பதிலைக் கூட்டிப் பார்த்து, அவன் கண்ணால் கற்பவனா, காதால் கற்பவனா, கையால் கற்பவனா என்று முடிவு கட்டுவார்கள். பிறகு கண், காது, கை படம் போட்ட வட்டச் சின்னத்தை அவன் சட்டையில் குத்துவது என் வேலை. காது கிடைத்த ஒருத்தி கண்தான் வேண்டும் என்று கழிப்பறையில் உட்கார்ந்து அழுதாள். கை கிடைத்த ஒருவன், இனிமேல் கரும்பலகையைப் பார்க்கத் தேவையில்லை என்று திரும்பி உட்கார்ந்துகொண்டான். ஆசிரியை இதையெல்லாம் “அற்புதமான தன்னுணர்வு” என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். மகள் ரேஷ்மிக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய பாடசாலையில் இதே கூத்து வேறு பெயரில் நடந்தது. வந்த அன்றே தமிழ்ப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

“அம்மா, ஐ ஆம் எ ஹேண்ட்ஸ்-ஆன் லேர்னர். லெட்டர்ஸ் எனக்கு செட் ஆகாது.”

“எழுதுறதுக்குக் கைதானே வேணும்?”

“தட்ஸ் நாட் ஹவ் இட் வொர்க்ஸ், அம்மா.”

எழுத்து, வாசிப்பு, நான் சொல்லும் எதையும் கேட்பது என்று மூன்றிலிருந்தும் அவளை ஒரே நாளில் விடுதலை செய்துவிட்டார்கள். அறிக்கையில் அவளைப் பற்றி இரண்டு பக்கம் வண்ணத்தில் இருந்தது. அவள் பெயரை மாற்றிப் போட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும்.

3

இதைச் சங்கத் தலைவரிடம் சொல்லிச் சிரித்ததுதான் நான் செய்த முதல் பிழை.

அவர் ஒரு பெரிய கம்பனியில் வேலைக்கு ஆள் எடுக்கும் ஆளணிப் பிரிவில் இருக்கிறார். அலுவலகத்தில் அவரையும் இப்படிச் சோதித்து ‘சிவப்பு, கொஞ்சம் நீலம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும், “நான் சிவப்பு ஆள், சுற்றி வளைச்சுக் கதைக்க மாட்டன்” என்று தொடங்கி முக்கால் மணி நேரம் சுற்றி வளைப்பார். நான் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. கண்கள் விரிந்தன.

“இதைத்தான் தங்கச்சி நாங்கள் மலையகத்துக்குக் கொண்டுபோக வேணும். அந்தப் பிள்ளையளுக்குத் தாங்கள் ஆர் எண்டே தெரியாது. நீர் அங்கத்தைய ஆள்தானே? உம்மட சனத்துக்கு விளங்கிற மாதிரித் தமிழில எழுதித் தாரும்.”

வடக்கிலிருந்து வந்தவர்கள் நிறைந்த சங்கத்தில் மலையகத்துக்காரி நான் ஒருத்திதான். சேர்ந்த புதிதில் “நாங்க வந்துருக்கோம்” என்று சொல்லப்போக, “நீங்கள் இந்தியாவோ?” என்று கேட்டார்கள். இல்லை, தலவாக்கலைப் பக்கம் என்றதும், “ஓ, அதுவும் எங்கட நாடுதானே” என்று ஆறுதல் சொன்னார்கள். ஆக, என் சனத்துக்காக என்று கேட்டதும் எனக்குள்ளே ஏதோ குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடம் பென்சில் சீவியவளை ஒரு வேலைக்கு ஆள் என்று கேட்கிறார்கள். முட்டாள்தனம் என்று தெரிந்த ஒன்றை, கேட்ட குரலின் மரியாதைக்காக ஒப்புக்கொண்டேன்.

மொத்தம் நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விடை: படம் பார்த்து, பிறர் சொல்லக் கேட்டு, நானே செய்து பார்த்து. ஆங்கிலத்தில் முதல் கேள்வி, பெட்டியில் வந்த மேசை, அலுமாரி போன்ற தளபாடத்தை எப்படிப் பொருத்துவீர்கள் என்பது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஒற்றை அறைக்குப் பெட்டியில் தளபாடம் வராது. அதை ‘புதுச் சைக்கிளின் செயின் கழன்றால்’ என்று மாற்றினேன். விடுமுறைக்கு எந்த நாட்டுக்குப் போவது என்ற கேள்வியை ‘தெரியாத ஊருக்கு பஸ் ஏறும்போது’ என்று ஆக்கினேன். வேலைக்குப் போகும் ரயிலில் ஒரு மாதம் உட்கார்ந்து செய்தேன். நல்ல மொழிபெயர்ப்பு. பின்னால் அதைப் பற்றி நானே என்ன எழுதிக் கொடுத்தேன் என்பது வேறு கதை. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகு கிடையாது.

கூடவே சங்கம் பதினைந்து பழைய மடிக்கணினிகளையும் அனுப்பியது. ஆளுமைக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

4

அப்போது இங்கே கோடை விடுமுறை. அங்கே பாடசாலை நடக்கும் காலம். தலவாக்கலையில் தம்பி வீட்டில் மூன்று வாரம் தங்கினேன்.

லயத்து அறையை நினைத்து உருகும் ஆட்கள் சங்கத்தில் உண்டு. அவர்கள் அதில் படுத்ததில்லை. எனக்கு அந்த உருக்கம் கிடையாது. அது ஒழுகும், புகை அடிக்கும், பக்கத்து அறையில் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பாடசாலையும் நான் விட்டுப்போனபடியேதான் இருந்தது. ஒரு மாடிக் கட்டடம் மட்டும் புதிது, அதன் மேல்மாடிக்கு இன்னும் கூரை போடவில்லை.

அதிபர் எனக்குப் பின்னால் வந்தவர், இளையவர், பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவர். என்னை வாசலுக்கே வந்து வரவேற்று மாலை போட்டார். தரம் ஒன்பதில் முப்பத்தொரு பிள்ளைகள். அடுத்த தரத்துக்குப் போகும்போது அவர்கள் விருப்பப் பாடங்கள் எடுக்க வேண்டும், அதற்கான வகுப்புகளை இப்போதே தொடங்கப் போகிறோம் என்பதால், அவர்களுக்கே சோதனை வைக்கலாம் என்றார். நியாயமாகப் பட்டது. தாளைக் கொடுத்தேன். பிள்ளைகள் பரீட்சை என்று நினைத்து, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். அப்போது எடுத்த படம்தான் திரையில் வந்தது.

விடைகளைத் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கூட்டினேன். கண் ஒன்பது பேர். காது நான்கு பேர். கை பதினெட்டுப் பேர். பெயர்ப் பட்டியலைத் தட்டெழுதி, சங்கத்தின் சின்னம் போட்டு, கீழே என் பெயரையும் போட்டு அதிபரிடம் கொடுத்தேன். தலைவருக்கும் அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது.

“பாத்தீரே தங்கச்சி! மலையகப் பிள்ளையள் இயற்கையிலேயே செயல்வழி ஆக்கள். நான் அப்பவே சொன்னனான். அடுத்த முறை தையல் மெசின் அனுப்புவம்.”

எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் கந்தப்பளையில் ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்குக் கல்யாணம் இருந்தது. புடவை மடிப்புக் கலையாமல் வேனில் ஏறிப் போய்விட்டேன்.

5

நாலு நாள் கழித்துத் திரும்பினால், தம்பி வீட்டு வாசலில் ஒரு பெண்ணும் அவள் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். மலையில் கொழுந்து எடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறாள். விரல் நுனிகளில் கறை காயவில்லை. மகள் பாடசாலைச் சீருடையில் இருந்தாள்.

“டீச்சர், என்னைய தெரியுதுங்களா? புஷ்பராணி. தோட்டத்து மேப்பிரிவு. ஒங்ககிட்ட எட்டாம் வகுப்பு படிச்சேன்.”

தெரியவில்லை. “அட, புஷ்பராணியா!” என்றேன்.

உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மகள் தனுஷிகா நின்றபடியே இருந்தாள்.

“பள்ளிக்கூடத்துல எம்மகள ‘கை’ன்னு எழுதி ஒட்டியிருக்காங்க. கைன்னா என்னாங்க டீச்சர்?”

ஆறு வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகியதை நம் பேச்சில் சொன்னேன். “அது ஒண்ணும் கொறச்சல் இல்லம்மா. சில பிள்ளைங்க செஞ்சு பாத்துக் கத்துக்குவாங்க. அவங்களுக்கு அதுதான் பலம்.”

“பலம்னா, ஏன் கம்ப்யூட்டர் பாடத்துல சேக்க மாட்டேங்கிறாங்க?”

எனக்குப் புரியவில்லை. தனுஷிகா விளக்கினாள். கணினியைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஆகவே கண் வகைப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு மட்டும் கணினிப் பாடம் என்று அதிபர் அறிவித்திருக்கிறார். காது நான்கு பேருக்குச் சங்கீதம். கை பதினெட்டுப் பேருக்கு விவசாயம் அல்லது கைப்பணி.

“பதினஞ்சு கம்ப்யூட்டர் இருக்கே?”

“ஒம்போது எடுத்து மேசையில வச்சிருக்காங்க மிஸ். மிச்சம் ஆறும் அலுமாரியில. சேர் பூட்டிட்டாரு.”

“வெவசாயம் படிக்கட்டுமாம் டீச்சர்” என்றாள் புஷ்பராணி. “மூணு தலமொறையா அந்த மலையிலதான் நிக்கிறோம். நாங்க பாக்காத வெவசாயமா?”

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் என் தாளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்துக் கேட்டேன்: “நீ எல்லாத்துக்கும் ‘நானே செய்து பார்த்து’ன்னுதானே போட்டிருந்த? நீயா போட்டதுதானே?”

“ஆமா மிஸ்.”

“ஏன் அப்படிப் போட்ட?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள்.

“படம் பாத்துக் கத்துக்குவியான்னு கேட்டிருந்திச்சு. எங்க வகுப்புல படமே இல்ல மிஸ். சொல்லிக் குடுத்தா கத்துக்குவியான்னு கேட்டிருந்திச்சு. மேட்ஸ் சேர் மாறிப் போயி நாலு மாசம் ஆச்சு, சயன்ஸுக்கும் ஆள் இல்ல. யாரு சொல்லிக் குடுக்கிறது? அதான் நானே செஞ்சு பாத்துன்னு போட்டேன். பாதிக்கு மேல பேரு அப்படித்தான் போட்டாங்க.”

கண் வகை ஒன்பது பேரும் யார் என்று அப்போதே விசாரித்தேன். ஏழு பேர் டவுனில் டியூஷன் போகிறவர்கள். அங்கே திரையில் படம் போட்டுப் படிப்பிக்கிறார்களாம்.

ஒரு மாதம் ரயிலில் உட்கார்ந்து நான் நுணுக்கி நுணுக்கி மொழிபெயர்த்த நாற்பது கேள்வியும் அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அந்தப் பாடசாலையில் என்னென்ன இல்லை என்பதைத்தான் சொல்லியிருந்தன. அதற்குக் கேள்வித்தாள் எதற்கு, கதவைத் திறந்து பார்த்தால் போதுமே.

புஷ்பராணி தொண்டையைச் செருமினாள்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். நான் எட்டு படிக்கிறப்ப எங்கம்மா ஒங்கள பாக்க வந்துச்சு. ‘இவளுக்குப் படிப்பு ஏறாது, கைவேலைன்னா நல்லா செய்வா, வகுப்ப எவ்வளவு சுத்தமா கூட்டுறா பாருங்க’ன்னு சொன்னீங்க. எங்கம்மாவுக்கு ஒரே சந்தோசம், டீச்சரே எம்மகள மெச்சிட்டாங்கன்னு. அடுத்த மாசமே என்னைய கொழும்புல ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிட்டாங்க. ஆறு வருசம் அங்க கூட்டுனேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

“அதையேதான் இப்ப தாள்ல எழுதி ஒட்டியிருக்கீங்க. எம்மகளுக்கு மட்டும் வேணாம் டீச்சர்.”

நான் அப்படிச் சொன்னேனா? இன்று வரை யோசித்துப் பார்க்கிறேன். அந்த வகுப்பில் முதலாவதாக வந்தவன் பெயர் தெரியும். பல்கலைக்கழகம் போன இரண்டு பேரின் பெயரும் தெரியும். யார் கேட்டாலும் என் மாணவர்கள் என்று சொல்லிக்கொள்வேன். புஷ்பராணியின் முகம் எங்கும் இல்லை. காலையில் நான் உள்ளே நுழையும்போது வகுப்பு சுத்தமாகக் கூட்டியிருக்கும், அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

6

அடுத்த திங்கட்கிழமை இங்கே மறுபடியும் ‘உன்னை நீ அறி’ வாரம் தொடங்குகிறது. வட்டச் சின்னங்கள் பெட்டியில் வந்து இறங்கிவிட்டன. குத்தப் போகிறவள் நான்தான். வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு இங்கே இல்லை; ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. மற்றவர்களை ஏளனம் செய்து இவ்வளவு எழுதுகிறவள் இதையும் எழுதத்தான் வேண்டும்.

7

புஷ்பராணி வந்துபோன மறுநாள் காலை அதிபரிடம் போனேன். அவர் அந்தப் பட்டியலின் ஒரு பிரதிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலக அறையில் மாட்டியிருந்தார்.

“சேர், இத எடுத்துருங்க. இத வச்சுப் பாடம் பிரிக்கக் கூடாது.”

“என்னா டீச்சர், நீங்கதானே கொண்டாந்தீங்க?”

“நான் கொண்டாந்தது தப்பு.”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மாலை போட்டவரின் குரல் மாறிவிட்டது.

“கேளுங்க டீச்சர். மேட்ஸுக்கு ஆள் கேட்டு மாசா மாசம் கடுதாசி எழுதுறேன். ஒருத்தரும் பிரிச்சுக்கூடப் பாக்கல. நீங்க வெளிநாட்டுலருந்து ஒரு தாள் கொண்டாந்தீங்க, ரெண்டே நாள்ல கல்விப் பணிமனையிலருந்து போன் பண்ணிப் பாராட்டுறாங்க. மத்த ஸ்கூலுக்கும் வைக்கணுமாம். இப்ப நான் போயி இது சரியில்லன்னு சொன்னா, என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது? கம்ப்யூட்டருக்கு இருக்கிறது ஒரே ஒரு டீச்சர், அவங்களும் பிள்ளத்தாச்சி. ஒம்போது பேருன்னா அவங்க சமாளிப்பாங்க.”

அந்த மனிதர் மேல் இருந்த இளக்காரம் பாதி குறைந்தது. மீதிப் பாதி குறையவில்லை. “ஆறு கம்ப்யூட்டர் எதுக்கு சேர் பூட்டிக் கெடக்கு?” என்றேன். அவர் அலுமாரிச் சாவியை இழுப்பறைக்குள் தள்ளினார். கடைசியில், மொழிபெயர்த்தவரே எழுத்தில் கொடுத்தால்தான் கோப்பிலிருந்து எடுக்க முடியும் என்றார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். தாளில் பிழை என்று எழுத வேண்டும் என்றார்.

அவர் மேசையிலேயே எழுதினேன். வினாத்தாளின் தமிழாக்கத்தில் பாரிய தவறுகள் உள்ளன, அவை முழுக்க என்னுடையவை, ஆகவே முடிவுகள் செல்லாது. வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே மொழிபெயர்ப்பை நானே கொன்றேன். வேறு வழி இருக்கவில்லை. சோதனையே அபத்தம் என்று எழுதினால் பணிமனை குழு அமைக்கும், குழு கூடுவதற்குள் தனுஷிகா தரம் பத்தையும் முடித்துவிடுவாள். ஒரு தோட்டத்துக்காரி தமிழைப் பிழையாக எழுதினாள் என்றால் யாரும் விசாரிக்கவே மாட்டார்கள். அப்படியே நடந்தது.

கடிதத்தைப் பணிமனையில் நானே கொடுத்தேன். சிங்களப் பிரதியும் வேண்டும் என்றார்கள். பதினெட்டு வருடமாகப் பேசாத சிங்களம். பேச வாயைத் திறந்தால் ஆங்கிலம் வந்து நின்றது. முகப்பில் இருந்த நடுவயது எழுதுநர் பொறுமையாகப் பேனாவை எடுத்துக்கொண்டு, நானே எழுதித் தருகிறேன் என்றார்.

“காகே வெரத்தத?” யாருடைய பிழை என்று கேட்கிறார்.

“மகே” என்றேன். என்னுடையது.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இந்த முகப்பில் வந்து அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று சிரித்தார். முத்திரை குத்தி, ஒரு பிரதியை என்னிடம் தந்தார்.

மாலைக்குள் தலைவருக்குத் தெரிந்து, தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

“என்ன வேலை செய்துபோட்டீர்? எங்கட சங்கத்தின்ர மானம் என்னாகிறது? உமக்குத் தமிழ் வராதெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே, நாங்கள் வேற ஆளைப் பிடிச்சிருப்பம்.”

“அண்ணே, அங்க படிப்பிக்க ஆள் இல்ல. அதான் பாதிக்கு மேல பிள்ளைங்க ‘கை’ன்னு வந்துருக்காங்க.”

“அது வேற பிரச்சினை தங்கச்சி. அது எங்கட திட்டத்துக்குள்ள வராது.”

அன்றோடு கல்விக் குழுவில் என் பெயர் போயிற்று. ரேஷ்மிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். “ஸோ, யூ லைட்?” என்றாள். ஆமாம், பொய்தான் என்றேன். “கூல்” என்றாள். அவளுக்கு அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் அவள் சொல்வதில் பாதி அப்படித்தான்.

8

சனிக்கிழமை விடிந்தால் எனக்கு விமானம். வெள்ளிக்கிழமை அதிபர் பிள்ளைகளைக் கூட்டி, கணினிப் பாடம் யாருக்கு வேண்டும் என்று நேராகக் கேட்டார். இருபத்தாறு பேர் கை தூக்கினார்கள். அலுமாரியைத் திறந்தார். ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்று உட்கார வைத்தபோது, இரண்டு கணினிகள் மிஞ்சின. இவ்வளவுதான் கணக்கு, முதல் நாளே செய்திருக்கலாம். கணினி டீச்சரம்மா பிரசவ விடுப்பில் போனால் என்ன ஆகும் என்று அதிபரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல், “போயிட்டு வாங்க டீச்சர்” என்றார்.

பிற்பகலில் மேப்பிரிவு லயத்துக்கு நடந்தேன். புஷ்பராணி கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, “வாங்க டீச்சர்” என்றாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்ததை மறந்துவிட்டு, “அன்னைக்கு ஒங்கம்மாகிட்ட நான் சொன்னது பெரிய தப்பு, புஷ்பராணி” என்று மட்டும் சொன்னேன்.

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

“ஒங்களுக்கு என்னைய ஞாபகமே இல்லைங்களே டீச்சர். ‘அட புஷ்பராணியா’ன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சிருச்சு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவளிடம் ஒளிக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

“விடுங்க. நடந்தத பேசி என்னா ஆகப்போவுது. நான் ஒண்ணு கேக்கிறேன். எனக்கு என்னா பிடிக்கும்னு அன்னைக்கு ஒருத்தரும் என்னைய கேக்கல. நீங்களும் கேக்கல, எங்கம்மாவும் கேக்கல. நாப்பது கேள்வி கேட்டீங்களாமே இப்ப, அதுலயும் அது இல்லையாம். இவகிட்டயாவது கேளுங்க.”

தனுஷிகா குழாயடியில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். கற்பித்தல் பற்றி இரண்டு நாட்டில் பயிற்சி எடுத்தவள், இந்த ஒரு கேள்வியை எப்படித் தொடங்குவது என்று தடுமாறினேன்.

“தனுஷிகா, ஒனக்கு என்னா படிக்கப் பிடிக்கும்?”

அவள் குழாயை மூடினாள். நன்றாக யோசித்தாள். பரீட்சைக்கு விடை தேடும் யோசனையாக அது இருக்கவில்லை.

“தெரியாது மிஸ். இன்னும் ஒண்ணையும் ஒழுங்கா படிக்கலையே. திங்கக்கெழம கம்ப்யூட்டர தொட்டுப் பாத்துட்டு சொல்றேன். அப்ப இருப்பீங்களா?”

“இருக்க மாட்டேன். நாளைக்குப் போறேன்.”

“சரி மிஸ். அப்ப அம்மாகிட்டயே சொல்லிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.